மூன்றாம் வளைவில் ஒரு பூச்சியம்

அக்கரப்பத்தனையிலிருந்து மேலே ஏறும் பாதையில், மூன்றாவது வளைவில், ஒரு பூச்சியம் நிற்கிறது. நாலடி உயரம், மஞ்சள் நிறம். அதற்கு மேலே ‘இவ்வலயத்தில் வேலை செய்யும் சிறுவர் தொகை’ என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கிறது. அது எந்தத் தோட்டத்து வளைவு என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு தோட்டம் மட்டும் வெட்கப்படும். மற்றத் தோட்டங்கள் தப்பித்துக்கொள்ளும்.

பலகை நிற்கும் கல்மேடைக்கு ஆற்றிலிருந்து கல் சுமந்தவர்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். இரண்டு வாரம் சுமந்தார்கள். இதை யாராவது வேலை என்று தப்பாக நினைத்துவிடக் கூடாதல்லவா? அதற்காகச் சிறுவர் உழைப்பற்ற வலய உறுதிப்பாட்டு அலுவலகம் முன்கூட்டியே பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்பியிருந்தது. சம்பளம் கொடுத்தால் அது உழைப்பு, கொடுக்காவிட்டால் சிரமதானம் என்று அதில் தெளிவாக இருந்தது. ஆகவே பிள்ளைகளுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அவர்களுடைய உரிமை முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது.

பூச்சியம் போட வந்த பெயின்டர் விவரம் தெரிந்த ஆள். “தொகை மாறுனா மாத்திக்கிறதுக்கு, ஒரு தகட்டுல எழுதிக் கொக்கியில மாட்டிடவாங்க சேர்?” என்று கேட்டார். வலயப் பணிப்பாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். எந்த மழைக்கும் அழியாத பெயின்டில், பலகையிலேயே எழுதச் சொன்னார்.

பெயின்ட் காய்ந்து, திறப்பு விழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஜீவராணி வந்து சேர்ந்தாள்.

ஜீவராணி கொழுந்து பறிக்கிறவள். புருஷன் பிரதாப் கட்டட வேலைக்கென்று போய், போன இடத்திலேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். துணைக்கு, தோட்டத்து லயத்தில் அடுத்த காம்பிராவில் குடியிருக்கும் வேலாயியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேலாயிக்குச் சிங்களம் தெரியும், பயம் தெரியாது. அலுவலகத்தில் உத்தியோகத்தர் றோலண்ட் இருவரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஜீவராணி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவளை எந்த அலுவலகத்திலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஏதோ கெட்ட செய்தி இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

றோலண்ட் கெட்டவர் இல்லை. அவரும் லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, உத்தியோகத்துக்கு வந்தவர்தான். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை எந்த விண்ணப்பப் பாரத்தில் எழுதுவது என்பதுதான் தெரியாது.

“என்னா விசயம், சொல்லுங்கம்மா.”

“எம் புள்ளைய மீட்டுக் குடுங்க சேர். சுலக்ஷனான்னு பேரு. கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு வச்சிருக்காங்க. பதினாலு வயசுங்க.”

றோலண்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மெதுவாப் பேசுங்க. கொழும்புல செஞ்சாலும், நம்ம வலயத்துப் புள்ளன்னா தொகையில சேந்துரும். வேல செய்யிறாளா, ஒத்தாச செய்யிறாளா?”

“வீடு கூட்டித் தொடைக்கிறா, துணி தொவைக்கிறா, சமைக்கிறா, ரெண்டு சின்னப் புள்ளைங்களப் பாத்துக்கிறா, நாயக் குளிப்பாட்டுறா.”

“அதத்தான் கேக்குறேன். இந்தப் பாரத்துல ஒத்தாசைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ‘சரி’ போட்டுட்டா தொகையில சேராது. உங்களுக்கும் அலைச்சல் இல்ல.”

“நாயி சாப்புட்டு முடிச்சப்பறந்தான் இவ சாப்புடணுமாம்,” என்றாள் வேலாயி. “அது எந்தக் கட்டத்துல வருதுங்க சேர்?”

றோலண்ட் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை.

நடந்தது இதுதான். போன வருஷம் ஜீவராணி கொழுந்துச் சாக்கோடு மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். வீட்டில் அடுப்பு எரிந்த நாட்களைவிட எரியாத நாட்கள் அதிகம். அப்போதுதான் செல்லசாமி வந்தான். தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளில் சேர்த்துவிடுவது அவன் தொழில். பிள்ளைகள் அவனை மாமா என்று கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்பில் இருந்த சுலக்ஷனாவைப் பார்த்து, சும்மா குழந்தையை வைத்திருந்தால் போதும், பின்னேரத்தில் படிக்கவும் வைப்பார்கள் என்றான். “நான் போறேம்மா, நீங்க எந்திரிச்சு நடக்குற வரைக்குந்தானே,” என்று பிள்ளையே சொன்னாள். ஜீவராணி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆரம்பத்தில் கிழமைக்கு ஒரு தடவை போன் வந்தது. புத்திசாலிப் பிள்ளை, வீட்டு வாசல் கேற்றில் இருந்த இலக்கத்தையும் வீதியின் பெயரையும் வாசித்துச் சொல்லி வைத்திருந்தாள். பிறகு போனை எடுத்ததெல்லாம் வீட்டு எசமானியான நோனா. பிள்ளை தூங்குகிறாள் என்பார், காலை பத்து மணிக்கு. கடைசியாக ஒரு நாள் பிள்ளையின் குரல் மெதுவாகக் கேட்டது. “அம்மா, கையி வெந்துபோச்சும்மா.” அதோடு போன் வெட்டுப்பட்டது.

கால் சரியாகக் கூடாமலே ஜீவராணி வேலாயியோடு கொழும்புக்குப் போனாள். கேற் திறக்கவில்லை. பொலிஸுக்குப் போனார்கள். பொலிஸ் சார்ஜன்ட் போன் எடுத்து விசாரித்தார். செல்லசாமி வாங்கிப் போய்க் கொடுத்திருந்த பிறப்புப் பத்திரத்தின் பிரதியை வீட்டுக்காரர்கள் அனுப்பினார்கள். அதன்படி சுலக்ஷனாவுக்குப் பத்தொன்பது வயது. பத்தொன்பது வயதுப் பெண் எங்கே வேலை செய்தாலும் அது அவள் இஷ்டம், சின்னப் பிள்ளை என்றால் பத்திரம் கொண்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“பத்தொம்பதுன்னு பத்திரம் இருக்கா?” றோலண்டின் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

“அது அக்காவோடதுங்க சேர்.”

ஜீவராணிக்கு 2006 தை மாதம் முதல் பெண் பிறந்தது. சுலக்ஷனா என்று பெயர் வைத்து முறைப்படி பதிவும் செய்தாள். மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்து அது செத்துப்போனது. செத்த பிள்ளையைப் புதைப்பதற்கே தோட்டத்தில் அரை நாள்தான் லீவு விட்டார்கள். மரணத்தைப் பதியப் போக யாருக்கு நாள் இருந்தது? நாலு வருஷம் கழித்து அடுத்த பெண் பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தோட்டத்துக் கொழுந்து லொறியில், சாக்குகளின் மேல் பிறந்தது. தொப்புள்கொடி அறுத்தவள் வேலாயி. பிள்ளை இங்கே பிறக்கவில்லையே என்றது ஆஸ்பத்திரி. லொறி பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்ததால், இது அந்தப் பிரிவு என்றார் ஒரு பதிவாளர், இது இந்தப் பிரிவு என்றார் மற்றவர். மூன்று நாள் வேலையை விட்டு அலைந்தாள் ஜீவராணி. நாலாம் நாள் அலையவில்லை. தகரப் பெட்டியில் ஒரு பத்திரம் சும்மா கிடந்தது. அதில் ஆசையாக வைத்த பெயரும் இருந்தது. அந்தப் பெயரையே இந்தப் பிள்ளைக்கும் வைத்துவிட்டாள்.

றோலண்ட் அவர்களைப் பணிப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

பணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சபை எதுவும் இல்லாவிட்டாலும், சபையில் பேசுவது போலவே பேசினார்.

“அம்மா, உங்கள் வேதனையை நான் உணர்கிறேன். நானும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆனால் நீங்கள் ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சிந்திக்கிறீர்கள். நான் ஒரு வலயத்தைப் பற்றிச் சிந்திக்கிறேன். உங்கள் பிள்ளை ஒன்று. ஒன்று சின்ன எண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூச்சியத்தோடு ஒப்பிட்டால் அது எத்தனை மடங்கு என்று யோசித்தீர்களா? கணக்கே கிடையாது! பெயின்டும் காய்ந்துவிட்டது. அமைச்சிலிருந்து வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். இந்த வலயத்துப் பிள்ளைகளுக்காக நாங்கள் செய்ததையெல்லாம் ஒரு பிள்ளை வந்து கெடுப்பது நியாயமா?”

“நியாயமில்லீங்க,” என்றாள் ஜீவராணி, கேள்வி என்று நினைத்து. “புள்ள வந்தாப் போதுங்க.”

“ஆகவே முதலில் உங்கள் பிள்ளை ஒரு பிள்ளைதானா என்று பார்க்க வேண்டும்,” என்றார் பணிப்பாளர்.

இப்படித்தான் பிள்ளைத்தன்மையைத் தீர்மானிக்கும் உபகுழு உருவானது. பணிப்பாளர் தலைவர், றோலண்ட் செயலாளர், தோட்டத்து மனேஜரான பெரிய துரையும் பதிவாளரும் உறுப்பினர்கள். முதல் கூட்டம் துரையின் அலுவலகத்தில் தேநீர், கேக்குடன் நடந்தது. ஜீவராணியும் வேலாயியும் வாசலில் நின்று பதில் சொன்னார்கள்.

பதிவாளர் கேட்டார்: “குழந்தையின் தலை வெளியே வரும்போது லொறி எந்தப் பிரிவில் இருந்தது?”

“தல பாலத்துக்கு இந்தப் பக்கங்க,” என்றாள் வேலாயி. “காலு அந்தப் பக்கம்.”

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். தன் இருபத்திரண்டு வருஷச் சேவையில் இப்படி ஒரு பொறுப்பற்ற பிறப்பைக் கண்டதில்லை என்றார்.

துரை பழைய லொறிப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். கரையான் தின்றது போக மிச்சம் இருந்தது. 2010 ஐப்பசி மாதத்து அந்தத் திகதியில், ‘ஏற்றியது: பச்சைக் கொழுந்து. ஆட்கள்: இல்லை’ என்று எழுதியிருந்தது.

“எங்களுடைய கொழுந்து லொறியில் ஆள் ஏற்றுவது கம்பனிச் சட்டப்படி தடை,” என்றார் துரை. “ஆள் ஏறாத லொறியில் ஆள் எப்படிப் பிறக்கும்?”

உபகுழு அதை நல்ல கேள்வி என்று ஒத்துக்கொண்டது. வேலாயி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “தொர, அன்னிக்கு லொறியக் கழுவுனது ஓட்டுன ரொனால்ட் அண்ணன்தான். ரெண்டு வாளி ரத்தம். அது எந்தக் கொழுந்துலருந்து வந்துச்சுன்னு கேளுங்க.” அந்த லொறிக்கார ரொனால்ட் செத்து ஆறு வருஷமாகிறது. உயிரோடில்லாதவரின் சாட்சியைப் பதிய முடியாது என்று குறிப்பெழுதிவிட்டுக் கேக்கை எடுத்தார்கள்.

நிலைமையைப் பணிப்பாளர் சுருக்கிச் சொன்னார். ஒரு சுலக்ஷனா பத்திரத்தில் இருக்கிறாள், ஆளைக் காணோம். இன்னொரு சுலக்ஷனா ஆளாக இருக்கிறாளாம், பத்திரத்தைக் காணோம். “நாங்கள் ஓர் அலுவலகம். பத்திரத்தில் இருப்பவர்களுக்குத்தான் எங்களால் உதவ முடியும்.”

“மூத்தது செத்துப்போச்சுங்க சேர். அத நான் காட்டுறேன்,” என்றாள் ஜீவராணி.

இரண்டாவது கூட்டம் எட்டாம் நம்பர் தேயிலை மலையில் நடந்தது. ஒரு காலத்தில் அதன் கீழ்மூலை தோட்டத்து மயானம். பிறகு கம்பனி அதிலும் தேயிலை வைத்துவிட்டது. குடைகளோடு உபகுழு ஏறி வந்தது. இடுப்பளவு உயரத்தில் வெட்டுப்பட்ட செடிகளுக்கு நடுவே ஒரே ஒரு தேயிலை மட்டும் மரமாக வளர்ந்து, வெள்ளைப் பூவும் பூத்து நின்றது. ஜீவராணி அதன் அடியில் போய் நின்றாள்.

“இதுக்குக் கீழதாங்க.”

“ஆதாரம்?” என்றார் பணிப்பாளர்.

“இதுல நான் ஒரு கொழுந்து கிள்ளுனதில்லீங்க சேர். எம் புள்ளைக்கு மேல மொளைச்சத எப்பிடிங்க கிள்ளுறது? வேற பொம்பளைகளும் கிள்ள மாட்டாங்க. கங்காணி ஏசுவாரு, மேற்பார்வை பாக்குற கண்டாக்கையா ஏசுவாரு. ஏசிட்டுப் போவட்டும்னு விட்டுருவோம். கவ்வாத்து வெட்ட வாற ஆம்பளைகளும் இத மட்டும் சுத்திப் போயிருவாங்க. பாருங்க, எவ்வளவு வளந்துட்டா.”

றோலண்ட் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார். அந்த உபகுழு நடந்த ஐந்து வாரத்திலும் மனுஷர்கள் கூடியிருந்த இடம் போல அது தெரிந்தது அந்த ஒரு நிமிஷம்தான். பிறகு துரை, இத்தனை வருஷம் ஒரு செடி பறிக்கப்படாமல் இருந்ததை இப்போதுதான் அறிகிறேன் என்று கங்காணியிடம் விளக்கம் கேட்டார். மறுநாளே அதை வெட்டிவிட்டார்கள்.

பணிப்பாளர் மட்டும் மரத்தைப் பார்த்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

“அப்படியானால் சுலக்ஷனா இறந்துவிட்டாள் என்று தாயே ஒத்துக்கொள்கிறார்.”

“மூத்தவங்க.”

“அலுவலகத்தில் ஒரு சுலக்ஷனாதானே அம்மா இருக்கிறாள்? முறைப்பாடும் அந்தப் பெயரில்தானே இருக்கிறது?” பணிப்பாளரின் குரல் தேன் போல இருந்தது. “பதிவாளர் அவர்களே, மரணத்தை உடனே பதியுங்கள். இந்தத் தாயை இனியும் அலைக்கழிப்பது மனிதாபிமானம் இல்லை.”

இறந்த திகதி கேட்டார்கள். “பங்குனி மாசம் ஒரு செவ்வாக்கெழம,” என்றாள் ஜீவராணி. எத்தனையாம் திகதி என்று அவளுக்குத் தெரியவில்லை. திகதி உறுதியில்லாத மரணத்துக்கு, அதை உறுதிசெய்த திகதியையே மரணத் திகதியாகப் போடுவது அவர்களுடைய முறை. ஆகவே மூன்று மாதத்தில் செத்த குழந்தை, உபகுழு மலையேறிய அன்று, பத்தொன்பது வயதில் இன்னொரு முறை செத்துப்போனது.

விழாவும் நடந்தது. காலை எட்டு மணியிலிருந்து பிள்ளைகள் சிறுவர் உரிமை நடனத்துக்கு வேஷம் கட்டி, செருப்பில்லாமல், பாதையின் இரண்டு பக்கமும் மழையில் நின்றார்கள். அதிதிகள் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அந்த இடத்தில் இன்னொரு பிள்ளையை நிறுத்தினார்கள்.

பணிப்பாளர் பேசினார்: “பிள்ளைகளே இல்லாத, மன்னிக்க வேண்டும், உழைக்கும் பிள்ளைகளே இல்லாத ஒரு வலயத்தை இன்று நாட்டுக்குக் கையளிக்கிறோம். எங்களிடம் கடைசியாக இருந்த ஒரேயொரு முறைப்பாடும் சுமுகமாகத் தீர்க்கப்பட்டுவிட்டது. சம்பந்தப்பட்ட தாய் இங்கே வந்திருக்கிறார். அவருடைய கண்ணீரே எங்களுக்குச் சாட்சி.”

ஜீவராணியை மேடைக்கு ஏற்றி, மரணப் பத்திரத்தை ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கொடுத்தார்கள். போட்டோ பிடித்தவர், கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். சொன்னதைச் செய்து பழகியவள், சிரித்தாள்.

கீழே இறங்கியதும் றோலண்டிடம் கேட்டாள். “இது மூத்தவளோடதுதானேங்க? இதக் காட்டுனா, அங்க இருக்கிறது சின்னவன்னு தெரிஞ்சிரும்தானேங்க?”

றோலண்ட் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “சின்னவளோட பொறப்ப தனியாப் பதியணும்மா. விண்ணப்பம் போட்டிருக்கேன். நாலு வருசத்துல வந்துரும். பழைய பத்திரம் இனிச் செல்லாது, அதனால இது வர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்துலயும் சேக்க மாட்டாங்க.”

“நாலு வருசத்துல அவளுக்குப் பதினெட்டு ஆயிருமேங்க சேர்.”

“ஆமா,” என்றார் றோலண்ட். “அதுக்கப்புறம் அவ சிறுவர் இல்ல. பிரச்சினை தீந்துரும்.” சொல்லிவிட்டு அவருக்கே தாங்கவில்லை போலிருக்கிறது, மேடைக்குப் பின்னால் போய்விட்டார்.

ஜீவராணிக்கு அதெல்லாம் முழுதாக விளங்கவில்லை. அரசாங்க முத்திரை குத்திய பத்திரம் ஒன்று கையில் இருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. அதில் அவளால் வாசிக்க முடிந்தது மகளின் பெயர் ஒன்றைத்தான். சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பத்திரத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, விடிகாலையில் ஹட்டனுக்கு வந்து வேலாயியோடு கொழும்பு பஸ் ஏறினாள்.

அதே பொலிஸ், அதே சார்ஜன்ட். பத்திரத்தை விரித்துச் சிங்களத்தில் இருந்ததை வாசித்தார். திகதியைப் பார்த்தார், போன மாதத் திகதி. எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான், சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

“என்னாக்கா சொல்றாரு?” என்று கேட்டாள் ஜீவராணி.

வேலாயி தமிழில் சொன்னாள். “ஒம் மக செத்துப்போனதுக்கு ரொம்ப வருத்தப்படுறாராம்டி. போன தடவ சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்புக் கேக்குறாரு. ஒடம்பு எங்க இருக்குன்னு கேக்குறாரு.”

“ஐயோ, இல்லன்னு சொல்லுக்கா, அது மூத்தவ...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். போனில் கேட்ட குரல் அவளுக்கு நினைவு வந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளையை ஐந்து வாரமாகக் கேட்டாள். பாரம் கேட்டார்கள், கட்டம் கேட்டார்கள், தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இப்போது முதல் முறையாக ஒருவர் எழுந்து நிற்கிறார்.

“அந்த வீட்டுலதான் இருக்குன்னு சொல்லு,” என்றாள். “எம் புள்ளையத் தரச் சொல்லுக்கா. செத்த புள்ளையவாவது தரச் சொல்லு.”

செத்த பிள்ளைக்கு எல்லாக் கதவும் திறந்தது. சார்ஜன்ட் தானே ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மாதத்துக்கு முன் அசையாத கேற் ஒரு தட்டில் திறந்தது. உங்கள் வீட்டில் வேலை செய்த பெண் இறந்திருக்கிறாள், உடலை எடுக்கத் தாய் வந்திருக்கிறார், மரண விசாரணை நடத்த வேண்டும் என்று சார்ஜன்ட் சொன்னதும் நோனா நெஞ்சில் கை வைத்தார். சாவே இல்லை, பெண் சமையலறையில் வெங்காயம் உரிக்கிறாள் என்றார். சார்ஜன்ட் பத்திரத்தைக் காட்டினார். நோனா அதைப் படித்தார். விசாரணை, பத்திரிகை, அக்கம்பக்கம் எல்லாம் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். உள்ளே ஓடி, பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்து வந்து வாசலில் நிறுத்தினார்.

ஜீவராணிக்குத் தன் பிள்ளையை உடனே அடையாளம் தெரியவில்லை. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வலது கையில் பழந்துணி சுற்றியிருந்தது. அதில் மஞ்சளாக நீர் ஊறியிருந்தது. பிள்ளை பொலிஸைப் பார்த்ததும் பயந்து, “நான் ஒண்ணும் எடுக்கல நோனா,” என்றாள். அதற்குப் பிறகுதான் அம்மாவைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. வரலாமா என்று நோனாவின் முகத்தைப் பார்த்தாள். வயிறு எரிகிறது எனக்கு, இதை எழுதும்போது.

சார்ஜன்ட் பிள்ளையைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அவருக்குப் புரியவில்லை. பிள்ளை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் முத்திரை பத்திரத்தில்தான் இருந்தது.

“கூட்டிக்கொண்டு போகட்டும், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை,” என்றார் நோனா. செத்தவளாகப் பதிந்த ஒருத்தியை வீட்டில் வைத்திருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சார்ஜன்ட் புத்தகத்தைத் திறந்தார். உயிரோடு இருக்கும் சிறுமியை ஒப்படைப்பதென்றால் நீதிமன்றம், நன்னடத்தைப் பிரிவு, வைத்திய அறிக்கை, பிறப்புப் பத்திரம் எல்லாம் வேண்டும். உடலை ஒப்படைப்பதற்கு ஒரு கையெழுத்துப் போதும். சுலக்ஷனாவின் துணி சுற்றிய கையை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘பிரேதம் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதி, ஜீவராணியிடம் பேனாவை நீட்டினார். அவள் பிரேதத்தைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். யாராவது யோசித்துக் கேள்வி கேட்பதற்குள் சீக்கிரம் போய்விடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லி, சார்ஜன்ட் கேற்றைத் தானே திறந்துவிட்டார்.

வரும்போது பஸ்ஸில் சுலக்ஷனா ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். பஸ் பிரேக் போடும்போதெல்லாம் திடுக்கிட்டு எழும்பி, “இந்தா வாறேன் நோனா,” என்றாள். ஒவ்வொரு முறையும் ஜீவராணி அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஹட்டனில் கைக்கு மருந்து கட்டும்போது, பிள்ளையின் வயது என்ன என்று தாதி கேட்டார். பதினாலு என்றாள் ஜீவராணி. தாதி பதினாலு என்று எழுதினார். ஒரு பத்திரமும் கேட்கவில்லை. இந்த நாட்டில் அப்படியும் ஒரு புத்தகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை முதல் பஸ் அவர்களை மூன்றாவது வளைவில் இறக்கிவிட்டது. அதற்கு மேலே நடைதான். சுலக்ஷனா பலகையின் முன்னால் நின்றாள். அவள் போகும்போது அது அங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போலச் சத்தமாக வாசித்தாள்.

“இவ்வலயத்தில் வேலை செய்யும் சிறுவர் தொகை, பூச்சியம்.” பிறகு திரும்பிக் கேட்டாள். “நான் கொழும்புல இருந்தப்பவும் இது பூச்சியந்தானாம்மா?”

“ஆமாடி, கண்ணு.”

“நோனா வீட்டுல ஏதோ பேப்பர் காட்டுனீங்களே, அதக் குடுங்க.”

வேலாயி கண்ணைக் காட்டுவதற்குள் ஜீவராணி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். பிள்ளை கட்டுப் போட்ட கையால் விரித்துப் பிடித்து, தமிழில் இருந்ததைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“நான் செத்துட்டேன்னு போட்டிருக்கு.”

“அது நீ இல்லடி!” என்று பதறினாள் வேலாயி. “அது ஒங்கக்கா. ஆபீசுக்காரப் பயலுக எழுதுன பைத்தியக்காரத்தனம். கிழிச்சு எறி அத!”

சுலக்ஷனா கிழிக்கவில்லை. பத்திரத்தை ஒழுங்காக நாலாக மடித்தாள். ஜீவராணி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். கேற்றில் அழவில்லை, மேடையில் அழவில்லை. அந்தப் பாதையில், பூச்சியத்துக்கு அடியில், பிள்ளைகள் சுமந்துவந்த கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

“அழாதீங்கம்மா,” என்றாள் பிள்ளை. மடித்த பத்திரத்தை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். “இதப் பெட்டியில வச்சுப் பூட்டுங்க. செல்லசாமி மாமா திரும்ப வந்தா இதக் காட்டுங்க. செத்துப்போனவள யாரும் வேலைக்குக் கூப்புட மாட்டாங்கதானே?”